மருந்து போடாத ஒரு லோடு

ராஜபாளையம்
12.1.1986

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, தம்பி பொன்னுராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெபிக்கிறேன் என்று எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த பஞ்சு கோடவுன் ஞாபகம் இருக்கிறதா? அதில் இலங்கையிலிருந்து வந்த ஜனங்களை வைத்திருக்கிறார்கள். நூற்றுப் பத்துக் குடும்பம். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே சாக்குதான் சுவர். உள்ளே கிணறு கிடையாது. அய்யனார் கோவில் ஆற்றோரக் கிணற்றில் தண்ணீர் ஏற்றி, காலையில் ஒரு லோடு, சாயங்காலம் ஒரு லோடு கொண்டுபோய் ஊற்றுகிறேன்.

கிணற்றடியில் மொக்கைச்சாமி அண்ணன் என்று ஒருவர். மோட்டார் போட்டுவிடுவதும், லாரித் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலப்பதும் அவர் வேலை. தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிப் போடுகிறார். எம்புட்டு என்று கேட்டால், "கை சொல்லும்லே" என்கிறார். அவர் கை கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறது. முகாமில் தவமணி என்று ஒரு அம்மா முதல் நாளே பிடித்துக்கொண்டாள். "அண்ணை, இந்தத் தண்ணி மணக்குது. தேத்தண்ணி வச்சாலும் மருந்து மணம்தான் வருது" என்றாள். அவர்கள் நாற்றத்தையும் மணம் என்றுதான் சொல்கிறார்கள். அவளுடைய மகள் தர்சினிக்கு ஆறு வயது. லாரியைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்குக் காட்டுகிறாள்.

நீங்கள் நர்ஸ் ஆயிற்றே. ஆறாயிரம் லிட்டருக்கு எவ்வளவு பவுடர் போட வேண்டும் என்று எழுதுங்கள். அத்தானுக்கு என் அன்பு.

தம்பி பொன்னுராஜ்


சென்னை
21.1.1986

அன்புத் தம்பிக்கு, அக்கா ஜெயபாய் எழுதுவது. தேவ கிருபையால் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் சளி. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆறாயிரம் லிட்டருக்கு ஒன்றரைத் தீப்பெட்டி பவுடர் போதும். அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் லாரியில் ஊற்றச் சொல். அரை மணி நேரம் கழித்துத்தான் ஜனங்கள் பிடிக்க வேண்டும். சாக்கின் வாயைக் கட்டி வைக்காவிட்டால் பவுடரின் வீரியம் போய்விடும். வாடை குறையும், ஆனால் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இருக்கவும் வேண்டும். கூட்டமாக ஜனங்கள் கிடக்கிற இடத்தில் தண்ணீர்தான் முதலில் ஆளைக் கொல்லும். நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை. நான் மேட்ரன் அம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு வைத்திருக்கிறேன். மார்ச் முதல் தேதி வந்து சேர். அம்மா போன பிறகு உன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குள்ள ஆசை.

உன் அக்கா


ராஜபாளையம்
23.2.1986

பிரியமுள்ள அக்காவுக்கு, தோத்திரம். சின்னவளின் சளி தேவலையா? நான் சாப்பிடுகிறேன், ஓட்டல்காரர் சாட்சி.

தீப்பெட்டிக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது. மொக்கைச்சாமி அண்ணன், "ஒங்கக்கா படிச்சவ, சரி" என்று சிரட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார். தர்சினி இப்போது ஒரு கையால் மட்டும் மூக்கைப் பொத்துகிறாள்.

அந்த வேலை வேண்டாம் அக்கா. கோபப்படாதீர்கள். இந்த லாரிக்கு எனக்கு முன்னால் மூன்று டிரைவர் வந்து போயிருக்கிறார்கள். ஒருத்தரும் ஒழுங்காக வரவில்லை. ஒரு நாள் லோடு வராவிட்டால் இந்த ஜனங்கள் ரோடு தாண்டிப் போய் கண்மாய்த் தண்ணீரை மோந்து வருகிறார்கள். தவமணியின் புருஷன் இலங்கையிலேயே தங்கிவிட்டான், ஒரு கடுதாசியும் இல்லை. அவள் என்னிடம், "நீங்கள் வராட்டி எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றாள். இப்படிக் கேட்ட பிறகு எப்படி விட்டுவிட்டு வருவது?

மேட்ரன் அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். முகாமில் நாலைந்து பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. அவர்கள் 'அம்மாள் வந்திருக்கிறா' என்கிறார்கள்.

தம்பி பொன்னுராஜ்


ராஜபாளையம்
12.3.1986

பிரியமுள்ள அக்காவுக்கு, தோத்திரம். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபம் என்று தெரிகிறது. நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஒரு யோசனை கேட்க வேண்டும். இதற்கு மட்டும் கார்டிலாவது உடனே பதில் போடுங்கள்.

முகாமில் இருபத்தாறு பிள்ளைகளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. தர்சினிக்கும்தான். கன்னமெல்லாம் தழும்பு. வருகிற 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கஞ்சி காய்ச்சப் போகிறார்கள். நம் ஊர் வழக்கமேதான். வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். அம்மை கண்ட வீட்டில் மருந்து வாசனையே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். தவமணி நாலு பொம்பளைகளோடு வந்து, "அண்ணை, அண்டைக்கு ஒரு லோட் மட்டும் மருந்து போடாமல் கொண்டு வாங்கோ. மருந்துத் தண்ணி வாத்தால் அம்மாள் திரும்பவும் கோவிப்பா" என்று கேட்டாள்.

அவர்கள் சாமியைக் கும்பிடுகிறவனாக இருந்தால் 'போங்கம்மா' என்று சொல்லியிருப்பான். நான் வேதக்காரன். நான் மறுத்தால், தங்கள் சாமியை இவன் மதிக்கவில்லை என்று நினைப்பார்கள். இவர்கள் ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள், கையோடு கொண்டுவந்தது அந்த அம்மாளை மட்டும்தான். நம் அம்மாவும் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போனவள்தான், நமக்கு அம்மை போட்டபோது வேப்பிலைத் தண்ணீர்தானே ஊற்றினாள்?

ஒரே ஒரு லோடு. பாதகம் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி பொன்னுராஜ்


(தபால் கார்டு)
ராஜபாளையம்
17.3.1986

அக்காவுக்குத் தோத்திரம். சுகம். உங்கள் பதிலை இன்று வரை எதிர்பார்த்தேன். வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. ஆபத்து என்றால் எவ்வளவு கோபம் இருந்தாலும் எழுதியிருப்பீர்கள். எழுதாததால் பாதகமில்லை என்று எடுத்துக்கொண்டு அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று இங்கே நல்ல கோடை மழை. பொன்னுராஜ்.


சென்னை
2.4.1986

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை எழுது.

உன் கடிதம் தாமதமாகத்தான் என் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாமல் தொடர்ந்து டியூட்டி. மருந்து போடாமல் ஒரு குடம்கூடக் கொடுக்கக் கூடாது. குளிக்கிறதுக்கு என்று கொடுத்தாலும் பிள்ளைகள் குடித்துவிடும். அதுவும் மழை பெய்து கிணற்றுக்குள் வெளித் தண்ணீர் இறங்கியிருக்கும். தலைக்கு ஊற்றத்தான் வேண்டுமென்றால் அண்டாவில் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றச் சொல்லியிருக்கலாம். எப்படியும் நீ கொண்டுபோயிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். உடனே பதில் போடு.

உன் அக்கா


ராஜபாளையம்
20.4.1986

அக்காவுக்குத் தோத்திரம். நான் சுகம். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாளா? அத்தானுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே வெயில் அதிகம். முகாமில் போன மாதம் இருபத்து மூன்றாம் தேதியிலிருந்து வாந்திபேதி. எழுபது பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். லாரியிலிருந்து தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி இறக்கிவிட்டு, ஆட்களைப் படுக்க வைத்து நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். நாலு பேர் போய்விட்டார்கள். ஒரு வயசாளி, மூன்று பிள்ளைகள். அம்மை இறங்கிய உடம்பு, தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார்.

தர்சினியும் போய்விட்டாள்.

தாலுகா ஆபீஸிலிருந்து வந்து விசாரித்தார்கள். கிணற்றடியில் பவுடர் சாக்கு வாய் திறந்து கிடந்ததாம். வீரியம் போன பவுடரைக் கலந்ததுதான் காரணம் என்று மொக்கைச்சாமி அண்ணனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அவரும் கைரேகை வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்றபடி விசேஷம் இல்லை.

பொன்னுராஜ்


சென்னை
27.4.1986

தம்பிக்கு, அந்தப் பிள்ளையின் பேரைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அதன் தாயைக் கர்த்தர் தேற்றட்டும்.

அத்தானின் முட்டுவலியைக் கேட்டிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமை லோடில் மருந்து போட்டாயா, இல்லையா? போடவில்லை என்றால் அதை ஆபீஸில் போய்ச் சொல். மொக்கைச்சாமி என்கிற அந்த மனிதருக்கும் குடும்பம் இருக்கும். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு அவர் எத்தனை நாள் இருப்பார்?

அக்கா


ராஜபாளையம்
8.6.1986

அக்காவுக்கு. உங்கள் கடிதத்தை நாற்பது நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

போடவில்லை. மொக்கைச்சாமி அண்ணனிடம், "செத்த நேரம் டீ குடிச்சிட்டு வாங்க, பவுடர நான் போட்டுக்கிடுதேன்" என்று அனுப்பிவிட்டேன். நான் போட்டேன் என்றுதான் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் ஓட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அவர்கள் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குலவை போட்டார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். தர்சினி மூக்கைப் பொத்தவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து, "மாமா, இது நல்ல தண்ணி, நீங்களும் குடியுங்கோ" என்றாள். நானும் குடித்தேன் அக்கா. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம்தான், மறைக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு காரணம். மருந்து போடாமல் கொண்டு வா என்று கேட்டது தவமணி. நான் உண்மையைச் சொன்னால், அவள் கேட்டதால்தான் அவள் பிள்ளை செத்தது என்று ஆகிவிடும். இருந்த ஒரு பிள்ளையும் போன பிறகு அதையும் அவள் தலையில் எப்படி வைப்பேன்? மொக்கைச்சாமி அண்ணனைக் காப்பாற்றினால் அவளைக் கொன்றதாகிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அண்ணனைக் கொன்றதாகிவிடும். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய? இந்தத் தடவையாவது சீக்கிரம் எழுதுங்கள்.

பொன்னுராஜ்


ராஜபாளையம்
20.7.1986

அக்காவுக்குத் தோத்திரம். ஆறு வாரமாக உங்கள் பதில் இல்லை. என் முகத்தில் விழிக்கக்கூடாது என்று இருக்கிறீர்களோ என்னவோ. நானே ஒரு முடிவு எடுத்தேன்.

போன வாரம் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். மொக்கைச்சாமி மேல் தப்பு இல்லை, அன்றைக்குப் பவுடர் போட வேண்டியவன் நான், மறந்துபோய்விட்டேன் என்று எழுதினேன். தவமணியின் பேரைக் கொண்டுவரவில்லை. என்னை அன்றைக்கே நிறுத்திவிட்டு, அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் என் வீடு தேடி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். வாசலில் உட்கார்ந்து, "ஏலே, சாக்கு வாயக் கட்டுனேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்து போச்சுலே. அந்தப் பிள்ளைகள நாந்தான் கொன்னேன்னு மூணு மாசமா எம்பேரனக்கூடத் தொட்டுத் தூக்கல" என்று அழுதார். அடித்திருக்கலாம்.

மறுநாள் தவமணி வந்தாள். உள்ளே வரவில்லை. "நீங்கள் மறக்கேல்லை அண்ணை. நான் கேட்டனான், நீங்கள் கொண்டு வந்தனீங்கள். நான் அதை முதல் நாளே அறிவன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "என்னை நினைச்சுத்தான் பொய் எழுதினீங்களோ? எனக்கு அந்த உதவி வேண்டாம். என்ர பிள்ளை என்னத்தாலை செத்தவள் எண்டு ஒரு கடதாசியிலையாவது சரியா இருக்கவேணும்" என்றாள்.

இரண்டு பேரும் நடந்தே ஆபீஸுக்குப் போனோம். அம்மைக்குத் தண்ணீர் ஊற்றியதையும், அவள் கேட்டதையும், நான் சம்மதித்ததையும் ஒன்று விடாமல் எழுதினேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே அவள் போட்டாள். அதிகாரி, "நீ எதுக்கும்மா போடுதே?" என்றார். அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கட்டுகளை லாரியில் ஏற்றுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பொன்னுராஜ்


சென்னை
29.7.1986

அன்புத் தம்பிக்கு. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் சுகமாக இல்லை.

உன் கடிதம் தாமதமாக வந்தது என்று ஏப்ரலில் எழுதினேன். அது பொய். மார்ச் பதினைந்தாம் தேதியே வந்துவிட்டது. உன் கையெழுத்தைப் பார்த்ததும், வேலை வேண்டாம் என்பதற்கு இன்னும் நாலு சாக்கு எழுதியிருப்பாய் என்று கோபத்தில் பிரிக்காமலே அலமாரியில் போட்டேன். நீ கெஞ்ச வேண்டும், நாலு நாள் தவிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அது மட்டும் என்றால் இதை முன்பே சொல்லியிருப்பேன். உன் கார்டு இருபதாம் தேதி வியாழக்கிழமை வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கடிதத்தைப் பிரித்தேன். தந்தி ஆபீஸ் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது. 'போடாதே' என்று ஒரு வார்த்தை அடித்திருந்தால் மறுநாள் காலையில் உனக்குக் கிடைத்திருக்கும். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒரு லோடுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நானும்தான் நினைத்தேன். பதினாறு வருஷமாக நர்ஸாக இருக்கிற நான் அப்படி நினைத்தேன். பதிமூன்று நாள் கழித்து, எனக்கு ஒன்றுமே தெரியாத மாதிரி உனக்குப் புத்தி சொல்லி எழுதினேன். ஜூனில் நீ என்ன செய்ய என்று கேட்டாய். பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்தக் காகிதத்தில் நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டீர்கள். அது இன்னும் சரியாகவில்லை, என் பேர் அதில் இல்லை. இந்தக் கடிதத்தைத் தவமணியிடம் வாசித்துக் காட்டு. ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வந்து அவள் முன்னால் நிற்க வேண்டும். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா ஜெயபாய்


ராஜபாளையம்
14.8.1986

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. பிறகு, கலங்கல் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டும் ஓட்டியவன் நான்தானே என்று தோன்றியது. உங்களிடம் எனக்கு ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனேன். இப்போது அங்கே தண்ணீரைச் சோதிக்க ஒரு சின்ன பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். லாரித் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும். மாறினால்தான் ஜனங்கள் குடம் வைக்கலாம். அந்த வேலையைத் தவமணி தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். மஞ்சள் தெரியாததால் போன வாரம் ஒரு லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள் என்று மொக்கைச்சாமி அண்ணன் சொன்னார்.

உங்கள் கடிதத்தை முழுதும் வாசித்தேன். சாக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தந்தி ஆபீஸ் வருகிற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "எதிர்ப் பக்கமோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீங்கள் இருபத்து மூன்றாம் தேதி புறப்படப் போவதைச் சொன்னேன்.

"அக்காவை வரவேண்டாமெண்டு எழுதுங்கோ. அவ வந்து முன்னால நிண்டா நான் மன்னிச்சுப்போடுவன். அப்பிடித்தான் என்னை வளத்தவை. அதாலைதான் உங்களையும் முகம் பார்க்காமல் இருக்கிறன். எனக்கு மன்னிக்க விருப்பமில்லை அண்ணை" என்றாள்.

அப்போது லாரி ஹார்ன் கேட்டது. பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எல்லோரும் தண்ணீர் பிடித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகையால் வரவேண்டாம் அக்கா. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நானும் இனி அந்தப் பக்கம் போகமாட்டேன். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பி பொன்னுராஜ்